தடத்தை விட்டு இறங்காதீர்கள்

டிசம்பரில் தார்ப் பாலைக்குக் காரில் கிளம்பவிருக்கும் பெங்களூர் ஒளிப்பட நண்பர்களுக்கு,

தீபாவளி முடிந்த கையோடு உங்கள் திட்டங்கள் வரத் தொடங்கிவிடும். யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம், யாருடைய வண்டி, 600 மில்லிமீட்டர் லென்ஸை யார் வாடகைக்கு எடுப்பது, புணேயில் தங்குவதா அகமதாபாத் வரை இழுத்துவிடுவதா என்றெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் எனக்கு அனுப்புவீர்கள். அந்தப் பக்கம் மூன்று குளிர்காலம் போய்வந்தவன் என்பதால் "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்" என்பீர்கள். நானும் சந்தோஷமாகத் திருத்தித் தந்திருக்கிறேன். இந்த ஆண்டு வந்த ஒரு திட்டத்தில் ஆறாம் நாளுக்கு நேராக இப்படி எழுதியிருந்தது: "காலை: கானமயில். பறக்கும் படம் கட்டாயம்."

அந்தக் 'கட்டாயம்' என்னைத் தூங்கவிடவில்லை. எழுதியவர் நல்ல பிள்ளை. பறவைகள் என்றால் உயிரை விடுபவர். அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பயனில்லை. அந்த வரி நம் எல்லாருடைய மனதிலும் எழுதாமலே இருக்கிறது. அதனால் உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நம்மில் பலரும் கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஹேசரகட்டாப் புல்வெளியில்தான். நானும் அங்கேதான். ஒரு ஜனவரிக் காலையில் குட்டைக்காது ஆந்தை ஒன்று வந்திருப்பதாகச் செய்தி பரவியது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் ஆந்தை அது. பகலில் புல்லுக்குள் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். நான் போனபோது ஏழு கார்கள் நின்றன, எட்டாவது என்னுடையது. யாராவது ஒருவர் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவார். ஆந்தை எழும்பி, ஐம்பதடி தள்ளிப் போய் இறங்கும். எட்டு வண்டியும் அங்கே ஓடும். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து தடவை எழுப்பிவிட்டோம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. எனக்கு அருமையான படம் கிடைத்தது. மஞ்சள் கண் இரண்டும் நேராக லென்ஸைப் பார்க்கின்றன. தலைக்கு மேலே இரண்டு சிறு இறகுக் கொத்துகள் விறைத்து நிற்கின்றன. பாராட்டாத ஆளில்லை. அந்த ஆந்தை நிம்மதியாக இருக்கும்போது அந்தக் கொத்துகள் கண்ணுக்கே தெரியாது, மிரளும்போதுதான் எழுந்து நிற்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பல மாதம் கழித்து. அன்றைக்கே அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

அதே இடத்துக்கு மறுவாரம் போனால் புல் மீது எங்கள் டயர்த் தடம் அப்படியே கிடந்தது. அந்தத் தடத்தைப் பார்த்து இன்னொருவர் ஓட்டினார். அவர் தடத்தைப் பார்த்து மற்றொருவர். மழைக்காலத்தில் அதில் நீர் ஓடி வாய்க்காலானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல்வெளியின் குறுக்கே ஒரு சாலை விழுந்துவிட்டது. யாரும் போடாத சாலை. பல ஆண்டுகள் எத்தனையோ பேர் மன்றாடி, 2024-இல்தான் மாநில வனவுயிர் வாரியம் ஹேசரகட்டாவின் 5,678 ஏக்கரைக் காப்பகமாக்க ஒப்புக்கொண்டது. வீடு கட்டுபவர்களிடமிருந்து அந்தப் புல்லைக் காக்கவேண்டும் என்று நாம் கையெழுத்துப் போட்டோம். சனிக்கிழமை வந்தால் நாமே அதன் மேல் வண்டி ஓட்டினோம்.

'வெறும் பொட்டல்தானே' என்ற ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. காட்டுக்குள் போனால் பந்திப்பூரிலோ நாகரஹொளேயிலோ யாரும் ஜீப்பைப் பாதையிலிருந்து இறக்கச் சொல்வதில்லை, மரம் நம்மைத் தடுக்கிறது. புல்வெளியில் தடுக்க ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம் என்று கை பரபரக்கிறது. அரசாங்க ஏடுகளும் புல்வெளியைத் தரிசு என்றே எழுதிப் பழகிவிட்டன. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தைலமரம் நட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள், ஆலை கட்டினார்கள். நாம் அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம்.

நீங்கள் போகும் இடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது பாலைவனத் தேசியப் பூங்கா. 1980-இல் அறிவித்தார்கள். பெயர்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி அது சரணாலயம். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடுமாடு மேய்கிறது. சினிமாவில் பார்க்கும் மணல்மேடு அதில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் சரளைக் கல்லும், இறுகிய தரையும், சேவன் புல்லும். அந்த இறுகிய தரையில்தான் முள்வால் ஓணான் வளை தோண்டுகிறது. புல்பூண்டு தின்னும் சாதுவான பிராணி. குளிர் தொடங்கியதும் வளைக்குள் இறங்கி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். வெயில் ஏறி வெளியே வந்தபின் பருந்தும் நரியும் பசியாறுவது பெரும்பாலும் அதை வைத்துத்தான். நீங்கள் போகும் மாதங்களில் அது மண்ணுக்கடியில் கிடக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஒரு துளைகூடத் தெரியாது. தடத்தை விட்டு நூறு மீட்டர் இறங்கித் திரும்பினால் எத்தனை வளை இடிந்தது என்று உங்களுக்கோ ஓட்டுநருக்கோ தெரியப்போவதில்லை.

இனி கானமயில். பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை உலவிய பறவை அது. ஒரு மீட்டர் உயரம், ஆண்பறவை 15 கிலோ வரை இருக்கும். 1963-இல் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது சாலிம் அலி முன்வைத்த பெயர் இதுதான், மயில் தேர்வானது. நீங்கள் ஓட்டிப்போகும் வழி முழுக்க அதன் பழைய வீடுகள். 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் தாவணகெரே தாண்டியதும் வரும் ராணிபென்னூரில் 1974-இல் வெளிமானுக்காகச் சரணாலயம் அமைத்தார்கள். கானமயிலும் அங்கே இருந்தது. புல்வெளியில் தைலமரம் நட்டார்கள். வெளிமான் தாக்குப்பிடித்தது, கானமயில் போய்விட்டது. விஜயபுரா வழியாகச் சோலாப்பூர் போனால் நன்னஜ். அங்கே அதை மாள்டோக் என்பார்கள். 1979-இல் 8,496 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாகக் காகிதத்தில் எழுதி, பிறகு 1,222-ஆகச் சுருக்கினார்கள். குஜராத்தில் அதன் பெயர் கோராட். கச்சின் நலியாவில் மிஞ்சியவை ஒருசில பெட்டைகள் மட்டும். சேர்வதற்கு ஆண் இல்லை. நம் கர்நாடகத்தில் பள்ளாரி மாவட்டத்துச் சிருகுப்பா வயல்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. கடைசியாக ராஜஸ்தான். அங்கே கோடாவண் என்று சொல்லி மாநிலப் பறவையாக வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்கத் தேடினாலும் 150-க்கும் குறைவு. அதில் பெரும்பங்கு நீங்கள் போகும் ஜெய்சல்மேரில்.

அந்தப் பறவையின் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. கனத்த உடம்பு, கடைசி நொடியில் கம்பியைப் பார்த்தாலும் திரும்ப முடியாது. தாரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பியில் மோதிச் சாவதாக இந்திய வனவுயிர் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும், அதையும் வெறுந்தரையில். இடுவதையும் சாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது வாழும் பகுதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது. சூரிய மின்சாரத்துக்கு அது தடை என்று அரசு வாதிட்டதால் 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. கம்பிகள் இன்னும் தலைக்கு மேலேதான் போகின்றன.

இப்போது 'பறக்கும் படம் கட்டாயம்' என்ற வரியை மறுபடி படியுங்கள். கானமயில் நடந்து மேய்கிற பறவை. நாளெல்லாம் வெட்டுக்கிளியும் இலந்தைப் பழமும் பொறுக்கிக்கொண்டு புல்லுக்குள் நடக்கும். வண்டி நெருங்கினால் முதலில் நடை வேகமாகும், அப்புறம் பதுங்கும், இன்னும் நெருங்கினால்தான் எழும்பும். ஆகவே பறக்கும் படம் வேண்டும் என்றால் பெரும்பாலும் அதை எழுப்பவேண்டும் என்றுதான் பொருள். எழும்பிய பறவை எங்கே போகும்? கம்பிகள் ஓடும் அதே வானத்துக்குத்தான். தரையில் இருக்கும்வரை கம்பி அதைக் கொல்லாது. தரையிலிருந்து அதைக் கிளப்புவது நாம்.

"கம்பியால் சாகிறது, ஆலைக்காரர்களைக் கேளுங்கள், எங்கள் ஒரு ஜீப்பால் என்ன ஆகிவிடும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். இதே கேள்வியை ஹேசரகட்டாவில் நானும் கேட்டேன். எட்டுக் காரில் ஒவ்வொருவரும் ஒரு கார்தான் ஓட்டினோம். கம்பிகளைப் புதைக்கவைக்க எம். கே. ரஞ்சித்சிங் போன்ற வனவுயிர் ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஜெய்சல்மேர் மாவட்டத்துச் சாமில் 2019 முதலும், பிறகு ராம்தேவ்ராவிலும் அதன் முட்டைகளைக் கண்ணும் கருத்துமாகப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலமாகவே ஒரு குஞ்சு பிறந்தது. ஒரு குஞ்சுக்காக இத்தனை பேர் இத்தனை ஆண்டு பாடுபடும் இடத்தில், ஒரு பறவையை ஒரு காலைப்பொழுது விரட்டுவது சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு பதிலும் எனக்குத் தெரியும். "நாங்கள் கேட்கவில்லை சார், டிரைவர்தான் இறக்கினார்." இதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவர் ஏன் இறக்கினார்? இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்தவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வாட்சைப் பார்க்கிறார்கள். படம் கிடைத்தால் ஆயிரம் ரூபாய் சேர்த்து வரும்; கிடைக்காவிட்டால் "இவர் சரியில்லை" என்று பெங்களூரில் நான்கு குழுவில் எழுதிவிடுவார்கள். அடுத்த குழு வேறு வண்டியைப் பிடிக்கும். அவருடைய சீசனே நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். ஸ்டியரிங் அவர் கையில் இருந்தாலும் அதைத் திருப்புவது நம் பணம். என்னுடைய இரண்டாவது பயணத்தில் எங்களை ஓட்டிப்போன இளைஞர், பாலைநரி ஒன்றின் பின்னால் வண்டியை இறக்கிவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "சரியா?" என்று கேட்கும் பார்வை. நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது.

அதே மண்ணில் பிறந்தவர் ராதேஷ்யாம் பிஷ்ணோய். பொக்ரான் பக்கத்து தோலியா கிராமத்துக்காரர். அடிபட்ட மானையும் கழுகையும் தூக்கிவந்து பிழைக்கவைத்தவர், கானமயிலுக்கு எந்தக் கம்பி ஆபத்து என்று ஊர் ஊராகப் பார்த்துச் சொன்னவர். 2025 மே மாதம், வேட்டைக்காரர்களைத் தேடிப் போன இரவில் சாலை விபத்தில் அவரும் உடன் போனவர்களும் இறந்துபோனார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் காத்த நிலத்துக்குத்தான் நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் திட்டத்தை வேறு மாதிரி போடுங்கள். டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேரில் சூரியன் எழுவது ஏழே காலுக்கும் மேல், ஆறு மணியளவில் விழுந்துவிடும். பெங்களூர்க் கணக்கில் ஐந்தரைக்கு எழுந்து ஓடினால் இருட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பீர்கள். நல்ல வெளிச்சம் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும். அப்புறம் எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் இருநூறு மீட்டருக்கு அப்பால் இருப்பது தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். 'இன்னும் கிட்டே போங்க' என்ற குரல் அந்த நேரத்தில்தான் எழுகிறது. பத்து மணிக்கு கேமராவை மூடிப் பையில் வைத்துவிடுங்கள். ஜெய்சல்மேர் பக்கத்து ஆகல் போய் 18 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரங்களைப் பாருங்கள், ஊருக்குள் போய்க் கேர் காய்க் குழம்போடு கம்பு ரொட்டி சாப்பிடுங்கள்.

பன்னிரண்டு நாளில் ஏழு இடம் போட்டிருக்கிறீர்கள். மூன்று போதும். அதில் ஒன்று பலோடிக்குப் பக்கத்துக் கீச்சனாக இருக்கட்டும். மங்கோலியா, கஜகஸ்தான் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் குர்ஜான் கொக்குகள் அந்தச் சிற்றூருக்கு வருகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தானியம் இறைக்கிறார்கள். 2025-இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. விடிந்ததும் ஒரு மொட்டைமாடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். முதலில் வானத்தில் குரல் கேட்கும், அப்புறம் வரிசை வரிசையாக வந்து இறங்கும். பறக்கும் படம் வேண்டும் என்றவர்களுக்கு அங்கே ஒரு காலையில் ஆயிரம் கிடைக்கும், ஒன்றைக்கூட விரட்டாமல். போகும் வழியில் கச்சின் சின்ன ரண்ணில் இறங்குவதானால், காட்டுக்கழுதைகளை வண்டியோடு ஓடவிட்டுப் புழுதிப் படம் எடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

என் மூன்றாவது குளிர்காலத்தில் பாலைவனப் பூங்காவின் சுதாசரிப் பக்கம் தடத்திலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இருந்தோம். சேவன் புல்லுக்கு மேலே நான்கு வெளுத்த கழுத்துகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கறுப்புத் தொப்பி. அரைக் கிலோமீட்டராவது இருக்கும். ஒன்று குனியும்போது இன்னொன்று நிமிரும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை எங்களைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அவ்வளவு நிதானமாக மேய்ந்துகொண்டே புல்லுக்குள் மறைந்துவிட்டன. எனக்குக் கிடைத்த படத்தில் ஒவ்வொரு பறவையும் விரல்நகம் அளவு. அவற்றுக்குப் பின்னால் அடிவானம் நெடுகக் காற்றாலைகள், மின்கோபுரங்கள், அவற்றைக் கோத்துக்கொண்டு கம்பிகள். நெருங்கிப்போய் எடுத்திருந்தால் இறகின் வரி ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும், கம்பி தெரிந்திருக்காது. மா. கிருஷ்ணன் 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில், விலங்கை அதன் காட்டோடு சேர்த்து எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, படச்சட்டம் முழுக்கப் பறவை நிரம்பினால்தான் படம் என்ற எண்ணம் எப்போது வந்தது?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். திட்டத்தில் கானமயில் என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள். தடத்தில் நிற்கும்போது அதுவாகத் தென்பட்டால் உங்கள் பாக்கியம். டிரோனை வீட்டில் வையுங்கள், குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். படம் கிடைத்தாலும் இடத்தைச் சொல்லாதீர்கள். இடக்குறிப்பை நீக்கிவிட்டு, ஒரு சீசன் கழித்து வெளியிடுங்கள். நம் குழுக்களில் படம் பார்த்து மதிப்பெண் போடும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கானமயில் லென்ஸை நோக்கிச் சிறகடித்து வரும் படம் வந்தால், 'அற்புதம்' என்று எழுதுமுன் 'வண்டி எங்கே நின்றது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராத படத்தைப் பாராட்டாதீர்கள்.

கடைசியாக, ஜெய்சல்மேர் ஓட்டுநரிடம் நீங்கள் பேசும் முதல் போன். வாடகை எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள், இந்தியில் ஒருவர் தெளிவாகச் சொல்லட்டும், மற்றவர்கள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கட்டும்: "அண்ணா, தடத்தை விட்டு வண்டி ஒரு அடிகூட இறங்கக் கூடாது. நாங்களே கேட்டாலும் இறக்காதீர்கள். ஒரு பறவைகூடக் கிடைக்காவிட்டாலும் பேசும் பணமும் அதற்கு மேல் ஓர் ஆயிரமும் முழுதாக உங்கள் கைக்கு வரும்."

அன்புடன்,
ஹேசரகட்டாவில் எட்டாவது காரை ஓட்டியவன்